பதிவுகளை நீக்குவது ஜனநாயகத்துக்கு எதிரானதா?

சமூக வலைத்தளங்கள் யார் எதை எழுதினாலும் விட்டுவிட வேண்டியதுதானே, நீக்க அவர்கள் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதிவு ஏதோ பறிபோயிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும் போனது. ஆனாலும் எல்லாவற்றையும் விடச் சொல்ல மாட்டேன்.

2018 மார்ச்சில் இலங்கையில், கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது நான் கண்டியில் வேலை செய்தேன். முஸ்லிம்களை அடிக்கச் சொல்லும் சிங்களப் பதிவுகள் பேஸ்புக்கில் தாராளமாகச் சுற்றின. அதை வாசித்து நீக்க, சிங்களம் தெரிந்த ஆட்கள் பேஸ்புக்கிடம் போதவில்லை. கடைசியில் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் சில நாட்கள் முடக்கியது. பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல்.

இனி என் கதை. பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் ஒரு வீடியோ எடுத்துப் போட்டேன். தராசு 20 கிலோ காட்டுகிறது. கொப்பியில் 17 என்று எழுதுகிறார்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவாம். 18 இருந்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். அம்மாவுக்கு அன்று அரைப் பேர். வீடியோவில் யாருடைய முகமும் இல்லை, தராசும் எழுதுகிற கையும் மட்டும்தான். முகம் தெரியாத கணக்குகள் கூட்டமாக ரிப்போர்ட் அடிக்க, 'துன்புறுத்தல்' என்று சொல்லித் தூக்கிவிட்டார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

தொழிற்சங்கத்துக்காரன் பேசுகிறான் என்று சிலர் வருவார்கள். நான் எந்தச் சங்கத்திலும் இல்லை. அரசாங்கமே பார்த்துக்கொள்ளட்டும் என்பவர்கள் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்த 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை வாசியுங்கள். எது பொய்யான கூற்று என்று பார்ப்பது ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் ஆணைக்குழு. அந்தக் கையில் கொடுத்தால் மடுவத்து வீடியோ இன்னும் சீக்கிரம் போகும். நீக்கட்டும், ஆனால் மொழி தெரிந்தவர் பார்த்து நீக்கட்டும். காரணத்தைச் சொல்லி, மேன்முறையீட்டையும் ஒழுங்காகக் கேட்கட்டும்.

நான் மேன்முறையீடு செய்தபோது விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யாருக்குத் தனி விலாசம் இருக்கிறது? எல்லோருக்கும் தோட்டத்தின் பெயர்தான்.