புரத பீக் எழவில்லையா? லேசரைக் கூட்டாதீர்கள்

கேள்வி: நிக்கல் பத்தியில் (column) சுத்திகரித்த 45,000 டால்டன் புரதத்தை, லேசரால் அயனியாக்கி எடையை அளக்கும் மால்டி-டாஃப் கருவியில் பார்க்கிறேன். பீக் (வரைபடத்தில் எழும் முகடு) சிறிதாக, அகலமாக வருகிறது. லேசர் சக்தியைக் கூட்டினால் இன்னும் மோசமாகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் லேசரைக் குறையுங்கள். 337 நானோமீட்டர் நைட்ரஜன் லேசரோ, 355 நானோமீட்டர் என்டி-யாக் லேசரோ, அந்த ஒளியை உறிஞ்சுவது புரதம் அல்ல, அதனுடன் கலந்து காயவைக்கும் மேட்ரிக்ஸ் என்ற சேர்மம்தான். அதுவே ஆவியாகிப் புரதத்தையும் தூக்கிச் செல்கிறது. புரோட்டானையும் அதுதான் தருகிறது. சக்தி மிஞ்சினால் அயனிகளின் வேகம் சிதறும், புரதம் உடையும், பீக் பரவும். பீக் முதன்முதலில் தலைகாட்டும் அளவுக்குச் சற்று மேலே நிறுத்தினால் போதும்.

என் சந்தேகமெல்லாம் புரதம் கரைந்திருக்கும் உங்கள் பஃபர் கரைசல் மேல்தான். நிக்கல் பத்தியிலிருந்து இறங்கும் கரைசலில், புரதத்தை அதிலிருந்து விடுவிக்கும் இமிடசோலும் நிறைய உப்பும் இருக்கும். பலர் கிளிசராலும் சேர்ப்பார்கள். டனாகா கோய்ச்சி 2002இல் நோபல் பெற்ற ஆய்வில் கிளிசராலில் கோபால்ட் தூளைக் கலந்துதான் புரதத்தை அயனியாக்கினார். ஆனால் இன்றைய உலர்படிக முறையில் கிளிசரால் இருந்தால் படிகமே சரியாக உருவாகாது.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி உண்டு. எடை தெரிந்த போவைன் சீரம் ஆல்புமின் என்ற மாட்டு இரத்தப் புரதத்தைத் தண்ணீரில் ஒரு புள்ளியும், உங்கள் பஃபரில் ஒரு புள்ளியும் அதே தட்டில் வையுங்கள். முதலாவதில் 66,400 அருகே பீக் எழுந்து, இரண்டாவதில் காணாமல் போனால் குற்றவாளி பஃபர்தான்.

அப்புறம் சி4 டிப்பில் (புரதத்தைப் பிடித்துக்கொண்டு உப்பை விட்டுவிடும் பிப்பெட் முனை) உப்பை நீக்குங்கள், அல்லது நீர்த்த அமோனியம் பைகார்பனேட்டில் சவ்வு வழியே டயாலிசிஸ் செய்யுங்கள். மைக்ரோலிட்டருக்கு 1 முதல் 10 பிக்கோமோல் போதும். உங்கள் புரதத்துக்கு அது மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 0.05 முதல் 0.5 மில்லிகிராம். அதைவிட அடர்த்தியாக இருந்தால் 0.1% டிரைஃபுளூரோஅசெட்டிக் அமிலத்தில் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

மேட்ரிக்ஸாக சினாப்பினிக் அமிலத்தை எடுங்கள். பெப்டைடுகளுக்குப் பழகிய சயனோ-ஹைட்ராக்ஸிசின்னமிக் அமிலம் இவ்வளவு பெரிய புரதத்துக்குக் கொஞ்சம் முரடு. எத்தனாலில் கரைத்த சினாப்பினிக் அமிலத்தை மெல்லிய அடுக்காகக் காயவிட்டு, அதன்மேல் புரதமும் மேட்ரிக்ஸும் கலந்த துளியை வையுங்கள். காய்ந்தபின் குளிர்ந்த 0.1% டிரைஃபுளூரோஅசெட்டிக் அமிலத் துளியைச் சில விநாடி வைத்து உறிஞ்சி எடுத்தால் மீதி உப்பும் போய்விடும்.

கருவி லீனியர் முறையில் (அயனிகள் நேர்கோட்டில் பறக்கும் முறை) இருக்கட்டும். எடையில் பாதியான 22,500 அருகே இரட்டை மின்சுமை பீக்கும் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது உங்கள் புரதம் என்று நம்பலாம். பீக்கை ஒட்டி 206 டால்டன் மேலே ஒரு மேடு தெரிந்தால் அது சினாப்பினிக் அமிலம் ஒட்டியது. புரதத்தில் வேதிமாற்றம் என்று எழுதிவிடாதீர்கள்.