ஈக்யூவில் நிரம்பாத பள்ளம்

அன்புள்ள ஐயா,

கீழ் ஸ்தாயிக்கு ஆறரை அங்குல ஊஃபர், மேல் ஸ்தாயிக்கு ஒரு அங்குல டோம் ட்வீட்டர், இரண்டுக்கும் தனித்தனி ஆம்பிளிஃபயர் வைத்து ஒரு ஜோடி ஆக்டிவ் ஸ்பீக்கர் செய்திருக்கிறேன். ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் டிஎஸ்பியில், இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக்கொடுக்க 2 கிலோஹெர்ட்ஸில் லிங்க்விட்ஸ்-ரைலி வகை, ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரியும் கிராஸ்ஓவர். சோபாவில் யூமிக்-1 மைக்கை வைத்து அளந்து, வரைபடத்தில் கோடு நேராகும்வரை ஈக்யூ (அலைவரிசைவாரியாக ஏற்றி இறக்கும் திருத்தம்) போட்டேன். இப்போது ‘ச’, ‘ஷ’ எல்லாம் காதைக் குத்துகின்றன. 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் பள்ளம் 12 டெசிபல் ஏற்றியும் நிரம்பவில்லை. சத்தம் கூட்டினால் பிசிறடிக்கிறது. ட்வீட்டர் மட்டமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ட்வீட்டர் மேல் பழி போடாதீர்கள். போட்ட ஈக்யூவை முதலில் அழியுங்கள். 12 டெசிபல் ஏற்றினால் ஆம்பிளிஃபயரிடம் சுமார் 16 மடங்கு பவர் கேட்கிறீர்கள். பெரும்பாலும் அதற்கு முன்பே டிஎஸ்பிக்குள் சிக்னலின் தலை வெட்டுப்படும், பிசிறு அதுதான். பள்ளத்தின் கதை வேறு. அங்கே ஊஃபரும் ட்வீட்டரும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. இரண்டையும் சேர்த்து ஏற்றினால் கழிவதும் சேர்ந்தே ஏறும்.

காது கூசுவதற்குக் காரணம் சோபா. ஸ்தாயி ஏற ஏற ட்வீட்டரின் ஒலி குறுகிவிடுவதால் சுவர்களில் பட்டு வருவது குறையும். நல்ல ஸ்பீக்கரின் கோடும் சோபாவில் அளந்தால் மேல் ஸ்தாயி இருக்கும் வலப்பக்கம் சரிந்துதான் தெரியும். அந்தச் சரிவைத்தான் நிமிர்த்திவிட்டீர்கள்.

பெட்டியை அறை நடுவில், ட்வீட்டர் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் வரும்படி தூக்கி வையுங்கள். எந்தப் பக்கமும் 1.2 மீட்டருக்குள் சுவர் வேண்டாம். மைக் அதே உயரத்தில், 1 மீட்டர் தள்ளி, பெட்டியைப் பார்த்தபடி. மைக்கின் பிழையைத் திருத்தும் ஜீரோ டிகிரி காலிப்ரேஷன் ஃபைலைப் போடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். தரையில் பட்டு வரும் ஒலி 1.6 மீட்டர் கூடுதலாகச் சுற்றி, 4.7 மில்லிசெகண்ட் பிந்தி வரும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவை மென்பொருளில் இம்பல்ஸ் வின்டோவை, அதாவது கணக்கில் எடுக்கும் நேரத்தை, 4.5 மில்லிசெகண்டில் வெட்டினால் அறை காணாமல் போகும். 220 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் அந்தக் கோட்டை நம்பாதீர்கள். அதற்கு மைக்கை ஊஃபர் கூம்பின் நடுவே ஒரு சென்டிமீட்டரில் வைத்துத் தனியாக அளக்க வேண்டும்.

இப்போது டிரைவர்களை, அதாவது ஊஃபரையும் ட்வீட்டரையும், தனித்தனியாக அளந்து பாருங்கள். பலர் சறுக்கும் இடம் இது. 24 டெசிபல் சரிவு மெனுவில் தேர்ந்தெடுத்தால் வந்துவிடாது. டிரைவரின் சொந்தச் சரிவும் அதோடு சேரும். 2 கிலோஹெர்ட்ஸுக்கு இருபுறமும் ஓர் ஆக்டேவ் வரை (1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ்) அளந்த கோடு லிங்க்விட்ஸ்-ரைலி கணக்குக் கோட்டோடு பொருந்தும்படி ஒவ்வொன்றுக்கும் ஈக்யூ போடுங்கள்.

பிறகு ட்வீட்டரின் போலாரிட்டியை, அதாவது பிளஸ்-மைனஸை, திருப்பி, இரண்டையும் சேர்த்து அளங்கள். 2 கிலோஹெர்ட்ஸில் ஆழமான, இருபுறமும் ஒத்த பள்ளம் விழ வேண்டும். மாறாக, இருந்த பள்ளமே நிரம்பிவிட்டால் வயர் மாறியிருக்கிறது, வேலை அநேகமாக முடிந்தது. அரைகுறையாக விழுந்தால் டிலே (தாமத) பிரச்சினை. கூம்பு உள்வாங்கியிருப்பதால் ஊஃபரின் ஒலி பின்னாலிருந்து கிளம்புகிறது, 2.5 சென்டிமீட்டர் பின்னால் என்றால் 0.073 மில்லிசெகண்ட், அந்த அலைவரிசையில் 50 டிகிரிக்கு மேல். ட்வீட்டருக்கு 0.01 மில்லிசெகண்டாக டிலே கூட்டி, பள்ளம் மிக ஆழமாகும் இடத்தில் நிறுத்திப் போலாரிட்டியைப் பழையபடி திருப்புங்கள். 0.2-ஐத் தாண்டினால் எங்கோ தப்பு.

சோபாவுக்குக் கடைசியில் போங்கள், 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும். 3 மீட்டர் அகல அறையில் 57 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கலாம், மேட்டை வெட்டலாம். பள்ளம் இருந்தால் சோபாவை நகர்த்துங்கள்.

ட்வீட்டருக்குத் தொடரில் கெப்பாசிட்டர் போட்டீர்களா? நீங்கள் எழுதவில்லை. ஆன் செய்யும்போது வரும் ‘தும்’ ஒன்றே டோமின் காயிலைக் கருக்கிவிடலாம். 6 ஓம் ட்வீட்டருக்கு 47 மைக்ரோஃபாரட், எலக்ட்ரோலிட்டிக் வேண்டாம், ஃபிலிம் வகை. அதை மாட்டிவிட்டு அளவைத் தொடங்குங்கள்.