ரேம் வாங்கும் முன் பழைய ஸ்டிக்கைப் படியுங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். 2018-ல் வாங்கிய லேப்டாப், இன்டெல் ஐ5-8250யு, 8 ஜிபி ரேம். மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவோடு பிரவுசரையும் திறந்தால் மெஷின் திணறுகிறது. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் 3200 ரேம் போடலாம் என்கிறார். பக்கத்துக் கடைக்காரரோ, 2400தான் சேரும், 3200 போட்டால் போர்டு போய்விடும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: முதல் கடைக்காரர் சொல்வதுதான் சரி. போர்டுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் பிராசஸர் டிடிஆர்4 (நான்காம் தலைமுறை) ரேமை அதிகபட்சம் 2400 வேகத்தில் ஓட்டும். 3200 ஸ்டிக்கைப் போட்டாலும் அது 2400-க்கு இறங்கி ஓடும். அதனால் 3200-க்கென்று கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதே விலை என்றால் தாராளமாக வாங்கலாம்.

ஆனால் வேகத்தைவிட முக்கியமானவை சில இருக்கின்றன. கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று கீழே காட்டும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாட்டும் ஸ்டிக். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது என்று அர்த்தம். அதோடு தனியாக ஒரு ஸ்லாட்டும் இருக்கிறதா என்று பின்மூடியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. சில லேப்டாப்கள் இந்த எண்ணிக்கையைத் தப்பாகக் காட்டும்.

அதே திரையில் டிஸ்க் பக்கத்தையும் பாருங்கள். மெஷின் திணறும்போது மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? அப்படியென்றால் ரேம் போட வேண்டும். மெமரி பாதியில் இருக்க, டிஸ்க் மட்டும் 100-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் முதலில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். 2018 லேப்டாப்களில் பலவற்றில் இன்னும் ஹார்டு டிஸ்க்தான் ஓடுகிறது.

மூடியைத் திறந்ததும் பழைய ஸ்டிக்கின் லேபிளை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். '8 ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2400டி' என்பது போல எழுதியிருக்கும். பிசி4 என்றால் டிடிஆர்4. சில லேபிளில் 2400-க்குப் பதில் 19200 என்றிருக்கும். எட்டால் வகுத்தால் அதே 2400. 1ஆர்எக்ஸ்8 என்பது ஸ்டிக்கில் சிப்கள் அமைந்திருக்கும் விதம். அதையே கேட்டு வாங்குங்கள். 1ஆர்எக்ஸ்16 ஸ்டிக்கும் வேலை செய்யும், கொஞ்சம் மந்தம்.

டிடிஆர்3, டிடிஆர்5 ஸ்டிக் உங்கள் ஸ்லாட்டில் நுழையவே நுழையாது, ஸ்டிக்கின் அடியில் இருக்கும் வெட்டு இடம் மாறும். ஆனால் பழைய டிடிஆர்3 காலத்தில் ஒரு சங்கடம் இருந்தது. நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப் ஒன்றுக்கு, நான் கேட்டுக் கேட்டு வாங்கிய ஸ்டிக் சரியாக உட்கார்ந்தது, திரை மட்டும் வரவில்லை. கடையில் கொடுத்தது 1.5 வோல்ட் ரகம். அந்த லேப்டாப்புக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும். வெட்டு ஒன்றே என்பதால் கண்ணால் வித்தியாசம் தெரியவில்லை. அன்றிலிருந்து லேபிள் போட்டோ இல்லாமல் நான் கடைக்குப் போவதில்லை.

இரண்டு ஸ்லாட் இருந்து ஒன்று காலி என்றால் இன்னொரு 8 ஜிபி போட்டு 16 ஆக்குங்கள். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் டூயல் சேனலில் ஓடும், அதாவது பிராசஸர் இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும். உங்கள் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒரே ஸ்லாட் என்றால் 16 ஜிபி ஸ்டிக் ஒன்று வாங்குங்கள். பிராசஸர் 32 ஜிபி வரை தாங்கும். லேப்டாப் கம்பெனி தன் மாடலுக்குக் குறைவாகச் சொல்லியிருக்கலாம், அவர்கள் சைட்டில் மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பிராண்ட் வேறாக இருந்தாலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

மாட்டும்போது சார்ஜரை எடுத்து, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்றுங்கள். ஸ்டிக்கைச் சாய்த்துச் செருகி, தங்க நிறக் கோடு முழுக்க உள்ளே போன பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்கும். முதல் முறை ஆன் செய்யும்போது திரை சற்று நேரம் கறுப்பாகவே இருக்கலாம். பதறி ஆஃப் செய்யாமல் ஓரிரு நிமிடம் பொறுங்கள். விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் 16 ஜிபி, 2400 என்று காட்டுகிறதா பாருங்கள். அன்றிரவே விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிடுங்கள். பிழை காட்டினால் மறுநாளே பில்லோடு கடைக்குப் போய்விடலாம்.