சிறுநீரக அடைப்புக்கு முதுகு வழியாகக் குழாய் போடச் சொல்கிறார்கள். எப்படிச் செய்வார்கள், வீட்டில் சமாளிக்க முடியுமா?

என் தாயாருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க் கட்டி சிறுநீர்க்குழாய்களை வெளியிலிருந்து நெருக்கியதால், இரண்டு சிறுநீரகங்களும் வீங்கி, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 7.8 வரை ஏறியது (இயல்பாக 1-ஐ ஒட்டியே இருக்கும்). சிறுநீர்ப்பை வழியாக டி.ஜே. ஸ்டென்ட் (சிறுநீர்க்குழாயைத் திறந்து வைக்கும் மெல்லிய உட்குழாய்) வைக்க முயன்று, கம்பி அடைப்பைத் தாண்டாததால், சிறுநீரகத்திலிருந்து சிறுநீரை முதுகு வழியே வெளியிலுள்ள பைக்கு வடிக்கும், பி.சி.என். எனப்படும் இந்தக் குழாயை வலது பக்கம் போட்டார்கள்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. குப்புறப் படுக்கவைத்து, விலாவுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டபின், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சிறுநீரகத்துக்குள் ஊசியைச் செலுத்தி, அதன் வழியே மெல்லிய கம்பியை விட்டு, அந்தக் கம்பியின் மேலாகக் குழாயை உள்ளே நகர்த்தினார்கள். 3 மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத அக்குழாயின் உள்முனை சுருண்டுகொள்வதால் தானாக நழுவுவதில்லை. ஆனால் இழுத்தால் வந்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

முதல் இரண்டு நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாக வந்தது. அதற்குப் பயப்பட வேண்டாம் என்றார்கள், அப்படியே தெளிந்தது. அடைப்பு நீங்கியதும் சிறுநீர் மிக அதிகமாகப் பெருகக்கூடும் என்பதால், வெளியேறும் அளவையும் சோடியம், பொட்டாசியத்தையும் பார்த்துப் பார்த்துச் சலைன் ஏற்றினார்கள். கிரியாட்டினின் ஒன்பதாம் நாள் 1.6 ஆனது, நிறுத்தி வைத்திருந்த புற்றுநோய்ச் சிகிச்சையைத் தொடங்க முடிந்தது. இந்தக் குழாயை நான் இன்றும் நன்றியோடு நினைப்பது அதற்காகத்தான்.

வீட்டில் சமாளிக்கலாம், ஆனால் ஓர் எச்சரிக்கை. வீடு திரும்பிய நான்காம் இரவு, பையைக் கட்டில் காலில் கட்டியிருந்ததை மறந்து அம்மா எழுந்துவிட்டார். கட்டு நனைந்திருந்தது, பை காலியாக இருந்தது. புதிதாகப் போட்ட வழி சில மணி நேரத்திலேயே தூர்ந்துவிடக்கூடும் என்று முன்பே சொல்லியிருந்ததால், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடினோம். அதே வழியில் புதுக் குழாயை மாற்ற முடிந்தது. அதன்பின் பழைய வேட்டித் துணியில் சிறு பை தைத்து, சிறுநீர்ப் பையை அதிலிட்டு, அம்மாவின் பாவாடை நாடாவிலேயே தொங்கவிட்டோம். பை எப்போதும் சிறுநீரகத்துக்குத் தாழ்வாகவே இருக்க வேண்டும். பாதி நிரம்பியதும் காலி செய்துவிடுங்கள், கனம் கூடினால் குழாயை இழுக்கும்.

குழாயை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ, குழாய் மடங்காமலிருந்தும் சிறுநீர் நின்றாலோ, இரவானாலும் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.