எம்பாமிங் வேலைக்கு அனாட்டமி எப்படி படிக்கறது: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். நான் பொறந்து வளந்தது புரசைவாக்கம், பிஎஸ்சி ஜுவாலஜி முடிச்சுட்டு கல்யாணமாகி அமெரிக்கா போய், அங்க ரெண்டு வருஷ மார்ச்சுவரி சயின்ஸ் கோர்ஸ் படிச்சு, நேஷனல் போர்டு பரிட்சையும் எழுதி, கொஞ்ச வருஷம் வேலையும் பாத்துட்டு இப்ப திரும்ப சென்னைக்கே வந்தாச்சு. இங்க எம்பாமிங் பண்ணி, அதாவது இறந்தவங்க உடம்புல மருந்து ஏத்தி கெடாம பதப்படுத்தி, பாடிய ஃப்ளைட்ல அனுப்பற வேலை. எம்பாமிங் சர்டிஃபிகேட்ல கையெழுத்து போடறது டாக்டர், நான் அவரோட சேந்து வேலை பாக்கறவ, அத முதல்லயே சொல்லிடறேன். ஒரே மாதிரி வந்த கேள்விய ஒண்ணா சேத்துட்டேன், கோச்சுக்காதீங்க.

பெரம்பூர்லேந்து ஒரு பிஎஸ்சி ஸ்டூடண்ட்: அக்கா, டாக்டருக்கு படிக்கற அனாட்டமியும் நீங்க படிச்சதும் ஒண்ணா?

புக்கு ஒண்ணுதான்மா, கேக்கற கேள்வி வேற. டாக்டருக்கு எந்த உறுப்பு என்ன வேலை செய்யுது, கெட்டா என்ன ஆகும்னு தெரியணும். எங்களுக்கு ஒரே ஒரு கேள்வி, இங்க ஊத்தற மருந்து அங்க போய் சேருமா. அவ்ளோதான். மெட்ரோ வாட்டர் லைன் மாதிரி நெனச்சுக்கோ. மெயின் பைப்பு எது, எங்க கிளை பிரியுது, எந்த தெருவுல அடைப்பு, கடைசி வீட்டுக்கு ஏன் தண்ணி வரல. கடைசி வீடுன்னா விரல் நுனி, காது மடல், உதடு. ரத்தம் கட்டி நின்னுருந்தா ஒரு கை மட்டும் மருந்து வாங்காது, அப்ப அந்த கைக்கு தனியா அக்குள்லயோ மணிக்கட்டுலயோ ரத்தக்குழாய தேடி எடுத்து ஊத்தணும். எந்த லைன் எங்க போகுதுன்னு தெரியாதவன் அங்க முழிப்பான்.

அதே பொண்ணு: முதல்ல என்ன கத்துக்கணும்?

முதல்ல "நரம்பு"ங்கற வார்த்தைய மறக்கணும்! சிரிக்காத, சீரியஸா சொல்றேன். நம்ம தமிழ்ல எல்லாமே நரம்புதான். கையில பச்சையா தெரிஞ்சா நரம்பு, நர்ஸ் போட்டா நரம்பு ஊசி, கால்ல வெரிகோஸ் வந்தா நரம்பு சுருட்டிக்கிச்சு, கெண்டைக்கால் புடிச்சா நரம்பு இழுத்துக்கிச்சு. இதுல முதல் மூணும் சிரை, கடைசி ஒண்ணு தசை, நிஜ நரம்பு ஒண்ணு கூட இல்ல. ஸ்கூல்ல தமனி (இதயத்துலேந்து ரத்தம் போற குழாய்), சிரை (இதயத்துக்கு ரத்தம் திரும்பற குழாய்), நரம்பு (மூளையோட சேதி போற கம்பி)ன்னு மூணா சொல்லிக் குடுத்தாங்க, பரிட்சை முடிஞ்சதும் மூணும் மறுபடி ஒண்ணாயிடுச்சு.

அதோட விளைவ நான் அனுபவிச்சிருக்கேன். முதல் கேஸ், தொடையில ஃபீமோரல் தமனிய எடுக்கணும். தொடை இடுக்குல ஒரு முக்கோணம் இருக்கு, மேல பக்கம் இங்குவைனல் லிகமெண்ட்ங்கற நார்ப்பட்டை, வெளிப்பக்கம் சார்டோரியஸ் தசை, உள்பக்கம் அடக்டர் லாங்கஸ். அதுக்குள்ள வெளியிலேந்து உள்ள வந்தா முதல்ல நரம்பு, அடுத்து தமனி, அடுத்து சிரை. எனக்கு மனப்பாடமா தெரியும். கத்தி புடிச்சு திறந்து, வெள்ளையா தடியா ஒண்ணு கிடைச்சுது, பெருமையா அடியில நூல விட்டு தூக்கிட்டேன். கூட இருந்த சார் ஒண்ணும் சொல்லல, சின்னதா வெட்டிப் பாருன்னு மட்டும் சொன்னார். வெட்டினா உள்ள ஓட்டையே இல்ல. நரம்ப புடிச்சு தூக்கி வெச்சிருக்கேன்!

அதுக்கப்புறம் கண்ண நம்பறத விட்டுட்டு விரல நம்ப ஆரம்பிச்சேன். ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டிப் பாக்கணும். தமனி ட்ரிப்ஸ் ட்யூப் மாதிரி இருக்கும், அமுக்கி விட்டா திரும்ப உருண்டையா வந்துரும், செத்தப்புறம் உள்ள பெரும்பாலும் காலியா தான் இருக்கும். சிரை குடிச்சு முடிச்ச வாட்டர் பாக்கெட் மாதிரி ஒட்டிக்கும், கொஞ்சம் நீலம் அடிக்கும். நரம்பு பூ கட்டற வாழைநார் மாதிரி, முழுசா கெட்டியா இருக்கும். புக்குல சிகப்பு, நீலம், மஞ்சள்னு கலர் அடிச்சு வெச்சிருப்பான், உள்ள அப்படி எதுவும் கிடையாது, சிரையில லேசா அடிக்கற நீலத்த தவிர எல்லாமே பழுப்பு கலந்த வெள்ளைதான். இடுப்பு எலும்போட முன் முனையயும் நடுவுல இருக்கற ப்யூபிக் எலும்பையும் தொட்டுக்கிட்டு ரெண்டுக்கும் சரிபாதியில விரல வை, உயிரோட இருக்கறவங்களுக்கு அங்க துடிக்கும். குளிக்கும்போது உன் உடம்புலயே பழகு, எந்த மாடலும் வாங்க வேணாம்.

வியாசர்பாடி, ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன்: ஹார்ட் நின்ன அப்புறம் மருந்து எப்படிம்மா உடம்பு பூரா போகும்?

நல்ல கேள்விண்ணா, படிச்சவங்களே கேக்க மாட்டாங்க. பம்ப் வெச்சு தள்ளறோம், இல்ல பாட்டில உயரத்துல தொங்க விடறோம். கழுத்துல வலது பக்க கரோட்டிட் தமனியில ஊத்தினா மருந்து தலைகீழா கீழ இறங்கி மகாதமனிக்கு, அதாவது இதயத்துலேந்து கிளம்பற மெயின் பைப்புக்கு வரும். இதயத்துக்குள்ள போக பாக்கும், ஆனா அங்க இருக்கற வால்வு வெளிய போக மட்டும் திறக்கற கதவு, தப்பான பக்கத்துலேந்து தள்ளினா மூடிக்கும். அதனால வேற வழியில்லாம கை, வயிறு, கால்னு கிளைகள்ல ஓடும். நுண்குழாய் வழியா சிரைக்கு வந்து இதயத்தோட வலது பக்கம் சேரும். கரோட்டிட்டுக்கு பக்கத்துலயே இருக்கற வலது ஜூகுலர் சிரைய திறந்து வெச்சா அங்கேருந்து கிட்டத்தட்ட நேர் ரோடு, பழைய ரத்தம் வெளிய வந்துரும். செத்துப்போன இதயத்தோட வால்வு நமக்காக வேலை செய்யுது பாருங்க, இத முதல்தடவ புரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

மேடவாக்கம்: எங்க பாட்டி போன மே மாசம் தவறினாங்க, மாமா துபாய்லேந்து வர ரெண்டு நாள் ஆச்சு, ஐஸ் பாக்ஸ்ல வெச்சிருந்தோம். அது போதாதா?

வீட்டுக்குள்ள ரெண்டு நாளுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் போதும், கரண்ட் போகாத வரைக்கும். அது கிருமிய தூங்க வைக்குது, எம்பாமிங் கிருமிய கொன்னு தசையில இருக்கற புரதத்த இறுக வைக்குது, அதான் வித்தியாசம். நம்ம மே மாச வெயில்ல வெளிய வெச்சா வயித்துல வலது பக்கம் கீழ முதல்ல பச்சையா ஆரம்பிக்கும். ஏன் அங்கன்னா பெருங்குடலோட ஆரம்பம் அங்க தோலுக்கு கிட்டத்துல இருக்கு, கிருமி நெறைய. இதுவும் அனாட்டமி தான். ஃப்ளைட்ல அனுப்பறதா இருந்தா பாக்ஸ் கதை வேலைக்காகாது, டெத் சர்டிஃபிகேட், போலீஸ் என்ஓசி, எம்பாமிங் சர்டிஃபிகேட், சவப்பெட்டிக்கு ஒரு சர்டிஃபிகேட் எல்லாம் கேப்பாங்க. வெளிநாடுன்னா தூதரகம், பாஸ்போர்ட் கேன்சல்னு இன்னும் நீளும்.

திருவொற்றியூர் தம்பி: போஸ்ட்மார்ட்டம் ஆன பாடிய பண்ண முடியுமா?

முடியும், ஆனா வேலை ஆறு மடங்கு. உள்ளுறுப்ப வெளிய எடுத்திருப்பாங்க, மெயின் பைப்பு வெட்டுப்பட்டிருக்கும், கழுத்துல ஊத்தினா நெஞ்சுக்குள்ள குளமா நிக்கும். அதனால ரெண்டு கரோட்டிட், ரெண்டு கைக்கு, ரெண்டு காலுக்குன்னு ஆறு இடத்துல தனித்தனியா தமனி முனைய தேடிப் புடிச்சு ஊத்தணும். அறுத்த தமனி உள்ள சுருங்கி ஒளிஞ்சுக்கும். அனாட்டமி தெரியுமா தெரியாதான்னு அங்க வெளுத்துடும். முன்னாடி சாயங்காலத்துக்கு மேல போஸ்ட்மார்ட்டமே பண்ண மாட்டாங்க, 2021 நவம்பர்ல மத்திய அரசு வசதி இருக்கற ஆஸ்பத்திரில ராத்திரியும் பண்ணலாம்னு சொல்லிடுச்சு, கொலை, தற்கொலை மாதிரி சந்தேகக் கேஸ்களுக்கு பொதுவா அது கிடையாது.

பேர் வேணாம்னு ஒருத்தர்: பாடி எழுந்து உக்காரும்னு சொல்றாங்களே?

உக்காராது. தூக்கும்போது உள்ள இருக்கற காத்து தொண்டை வழியா வந்து முனகற மாதிரி கேக்கும், முதல்தடவ நானும் கத்திருக்கேன். நகமும் முடியும் வளராது, தோல் காஞ்சு பின்னாடி போறதால அப்படி தெரியும்.

தாம்பரம், ப்ளஸ் டூ முடிச்ச பையன்: இந்தியாவுல இந்த கோர்ஸ் எங்க இருக்கு?

அமெரிக்கா மாதிரி தனி டிகிரி, தனி லைசென்ஸ்னு நம்ம ஊர்ல அந்த பழக்கம் வரல தம்பி. அங்க உள்நாட்டுப் போர் காலத்துலயே வீரர்களோட உடம்ப ஊருக்கு அனுப்பணும்னு ஆரம்பிச்சது, 1865ல லிங்கன் உடம்ப பதப்படுத்தி ரயில்ல ஊர் ஊரா கொண்டு போனத ஜனங்க நேர்ல பாத்தாங்க, பரவிடுச்சு. நம்ம ஊர்ல பெரும்பாலும் சாயந்தரத்துக்குள்ள எடுத்துடறோம், தேவை வரல. அதனால இங்க இது மெடிக்கல் காலேஜ் அனாட்டமி டிபார்ட்மெண்ட்டோட வேலையாவே நின்னுடுச்சு, ஸ்டூடண்ட்ஸ் அறுத்துப் படிக்கற உடம்புக்கும் இதே முறைதானே. 2016 டிசம்பர்ல ஜெயலலிதா இறந்தப்போ பதப்படுத்தினது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் அனாட்டமி பேராசிரியர் சுதா சேஷய்யன், ஆன்மிக சொற்பொழிவு கேக்கறவங்களுக்கு அவங்கள வேற விதத்துல தெரியும். எம்பாமிங்ங்கற வார்த்தை டீக்கடை வரைக்கும் வந்தது அப்பதான். உனக்கு ஆசை இருந்தா ஏதாவது லைஃப் சயின்ஸ் டிகிரி, அப்புறம் எம்எஸ்சி அனாட்டமி பக்கம் பாரு.

கொளத்தூர், ஒரு அம்மா: என் பொண்ணு இந்த படிப்பு படிக்கணும்ங்கறா. பொம்பள புள்ளைக்கு இதெல்லாம் தேவையாங்க?

எங்க அம்மாவும் இதையே தான் கேட்டாங்கம்மா. இன்னிக்கும் நான் வீட்டுக்கு வந்தா வாசல்லயே நிக்க வெச்சு தலையில தண்ணி ஊத்திட்டு தான் உள்ள விடுவாங்க, நான் சண்டை போடறதில்ல, ஃபார்மலின் (நாங்க ஏத்தற மருந்துல இருக்கறது) வாசனையோட வர்றதுக்கு குளிக்கறது நல்லது தான். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். ஒரு பொண்ணோட உடம்ப குளிப்பாட்டி துடைக்கறப்ப பொம்பள இருந்தா நல்லாருக்கும்னு கேக்கற வீடு நெறைய. உங்க பொண்ணுக்கு பயம்னா போவேணாம்னு சொல்லுங்க, ஜனங்க என்ன சொல்லுவாங்கன்னு மட்டும் யோசிச்சு தடுக்காதீங்க.

நீங்க நிஜமாவே கவலப்பட வேண்டியது ஃபார்மலின பத்தி. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லயே அத மனுஷனுக்கு புத்துநோய் வரவைக்கற பட்டியல்ல சேத்துடுச்சு. கண்ணு எரியுது, பழகிடும்னு சீனியர் யாராவது சொன்னா நம்பக்கூடாது. நான் பாத்த ஒரு இடத்துல எக்ஸாஸ்ட் ஃபேன் ரிப்பேராகி மாசக்கணக்கா கிடந்துச்சு, கேட்டா ஜன்னல தொறந்து வைங்கன்னு பதில். அங்க வேலைய விட்டுட்டேன். சரியான மாஸ்க், கண்ணாடி, க்ளவுஸ், காத்தோட்டம், இந்த நாலும் இருக்கான்னு பாத்துட்டு சேத்து விடுங்க.

சைதாப்பேட்டை, ரிட்டயர்ட் ஆசிரியர்: உடல் தானம் பண்ண எழுதி வெச்சிருக்கேன். என் உடம்ப என்னம்மா பண்ணுவாங்க?

முதல்ல ஒரு கும்புடு ஐயா. நாங்கெல்லாம் உங்கள மாதிரி ஒருத்தர் மேல தான் கத்துக்கிட்டோம். அனாட்டமி டிபார்ட்மெண்ட்ல வாங்கி, தொடை வழியாவோ கழுத்து வழியாவோ மருந்து ஏத்துவாங்க, எங்க வேலைய விட அதிகமாவே ஏத்துவாங்க, ஏன்னா எங்களுக்கு சில நாள் தாங்கினா போதும், அங்க மாசக்கணக்கா தாங்கணும். அப்புறம் பசங்க தோல், தசை, குழாய்னு ஒவ்வொரு அடுக்கா படிப்பாங்க. சென்னையில பிறந்த சீத்தாராம் யெச்சூரி உடம்ப 2024ல டெல்லி எய்ம்ஸுக்கு குடுத்தாங்க, ஞாபகம் இருக்கும். ஒரு விஷயம் மட்டும், நீங்க எழுதி வெச்சா மட்டும் போதாது, புள்ளைங்க அன்னிக்கு மனசு மாறாம இருக்கணும், இப்பவே அவங்கள உக்கார வெச்சு பேசிடுங்க. போஸ்ட்மார்ட்டம் ஆனா பொதுவா வாங்க மாட்டாங்க, அந்த அறுந்த பைப்பு கதை தான்.

அதே ஐயா: கண்ணையும் குடுக்கணும். முகம் கெட்டுப் போகுமா?

போகாது ஐயா. பெரும்பாலும் மேல கண்ணாடி மாதிரி இருக்கற கருவிழிப் படலத்த (கார்னியா) மட்டும் தான் எடுப்பாங்க, முழுக் கண்ண எடுத்தாலும் இமைக்கு அடியில ஒரு சின்ன மூடி வெச்சா யாருக்கும் தெரியாது, நாங்க கண் எடுக்காதவங்களுக்கே இமை குழி விழாம இருக்க அத வைக்கறது உண்டு. ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், அதனால வீட்டுல சொல்லி வெச்சுடுங்க: இமைய மூடி ஈரப்பஞ்சு வைக்கணும், ஃபேன நிறுத்தணும், தலைக்கு ஒரு தலகாணி வெச்சு உயத்தி வைக்கணும். அந்த தலகாணி எங்களுக்கும் வேணும், தலை தாழ்ந்து இருந்தா ரத்தம் முகத்துல தேங்கி கருநீலமா ஆயிடும், சில மணி நேரம் போச்சுன்னா அந்த கறைய எந்த மருந்து ஏத்தினாலும் எடுக்க முடியாது.