முக நரம்பு வலி இருப்பவர்களுக்கு மயக்கமும் வருமா?

சிலருக்கு வரும். எங்கள் அம்மாவுக்கு வந்தது. உங்கள் வீட்டிலும் யாரோ கன்னத்தைப் பிடித்தபடி அப்படியே சாய்ந்திருப்பார்கள், 'பயத்துல மயங்கிட்டாங்க' என்று பக்கத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள்.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். அம்மாவுக்கு வலது தாடையிலும் காதிலும் ஷாக் அடித்ததுபோல் ஒரு வெட்டு வரும். சில நொடிதான், ஆனால் திரும்பத் திரும்ப வரும். பல் மருத்துவர் ஒருவர் நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார், வலி அப்படியே இருந்தது. அப்புறம் ஒருநாள் நடவு முடிந்து வந்து பானைத் தண்ணீரை ஒரு வாய் விழுங்கியவர், காதைப் பொத்திக்கொண்டு கீழே விழுந்துவிட்டார். வலிப்பு என்று கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். பெரியப்பா வீட்டிலோ 'வேலைக்குப் பயந்து நடிக்கிறா' என்று பேசினார்கள். நாற்று நட்டே எங்களைப் படிக்க வைத்தவரைப் பார்த்து! எனக்கு இன்னும் ஆறவில்லை.

தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவர்தான் "மெல்லும்போது வருதா, விழுங்கும்போது வருதா?" என்று பிரித்துக் கேட்டார். முகத்தின் உணர்ச்சி ஐந்தாவது மூளை நரம்பு வழியாகப் போகிறது. அடித்தொண்டை, அடிநாக்கு, காதுக்குள் ஒரு பகுதி எல்லாம் ஒன்பதாவது நரம்பு. அம்மாவுக்கு விழுங்கும்போதுதான் வந்தது, அதனால் ஒன்பதாவதுதான் என்றார். இந்த ஒன்பதாவதுக்கு, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்போடு நெருங்கிய தொடர்பு. வலி வெட்டும் நேரத்தில் துடிப்பு குறைந்து, சிலருக்குச் சில நொடி நின்றேபோய், ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வருகிறது. ஐந்தாவது நரம்பு வலியில் இது அரிது. இதயத் துடிப்பை 24 மணி நேரமும் பதிவு செய்யும் ஹோல்டர் ஈசிஜி கருவியை மாட்டினார்கள். அம்மா வலி என்று சொன்ன அதே நேரத்தில் துடிப்பு விட்டுப்போயிருந்தது. அந்தக் காகிதத்தைப் பெரியப்பா வீட்டுத் திண்ணையிலேயே போய் விரித்துக் காட்டினேன்.

நரம்பு வலியை அடக்கும் கார்பமசெபின் மாத்திரை கொடுத்தார்கள். வலி அடங்கியதும் மயக்கமும் நின்றது. 'நீ என்ன டாக்டரா?' என்று கேட்க வருகிறவர்களுக்கு: இல்லை, மகன். எல்லா மயக்கத்துக்கும் இதுதான் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. அந்த மாத்திரையே தலைசுற்றல் தரும், ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும், ஏற்கெனவே துடிப்பில் கோளாறு இருந்தால் அதைக் கூட்டவும் கூடும். அதனால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். மாத்திரைக்கு வலி அடங்காதவர்களுக்கு, நரம்பை அழுத்தும் ரத்தக் குழாயை விலக்கிவைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. சிலருக்குத் துடிப்பு குறையாமல் காக்கும் பேஸ்மேக்கர் கருவியும் வைக்கிறார்கள்.

    

மருத்துவரிடம் போகும்போது, விழுந்ததை நேரில் பார்த்தவரைக் கூட்டிப்போங்கள். அப்போது என்ன விழுங்கினார், வலி முதலில் வந்ததா மயக்கம் முதலில் வந்ததா என்பதை அவரே சொல்லட்டும்.