ஒடியோலையில் ஒரு வடிவமைப்புப் பாடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கும் சிறு தொழில் செய்கிறேன். பின்ட்ரெஸ்ட், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் தேடித்தான் மாதிரிகளை உருவாக்குகிறேன். ஆனால் நான் செய்வதும் அடுத்த கடைக்காரர் செய்வதும் ஒரே மாதிரி இருக்கின்றன. புதிய யோசனைகளுக்கு எங்கே தேடுவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தத் தளங்களின் இயல்பே இதற்குக் காரணம். நீங்கள் எதை விரும்பிப் பார்த்தீர்களோ, அதைப் போன்றதையே மேலும் மேலும் கொண்டுவந்து காட்டும்படி அவை அமைக்கப்பட்டிருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை என்று தேடுகிற எல்லோருக்கும் அதே வாழைமரமும் அதே தாமரையும் வந்து நிற்பதில் வியப்பில்லை. ஆகவே பத்திரிகை செய்ய விரும்புகிறவர் பத்திரிகைகளைத் தேடக் கூடாது என்பதே என் முதல் யோசனை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களின் முகப்புப் பக்கங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் படம் போடுவது செலவு மிகுந்த காரியம். எனவே எழுத்தின் அளவை வரிக்கு வரி கூட்டியும் குறைத்தும், வேண்டிய இடத்தில் வெற்றிடம் விட்டும், சிறு பூவேலை ஒன்றை நடுவில் வைத்துமே பக்கத்துக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுத்தார்கள். மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், முகூர்த்த நேரம், மண்டபத்தின் முகவரி என்று எழுத்தே நிறைந்திருக்கும் நம் பத்திரிகைக்கு இவற்றைவிட நெருங்கிய வழிகாட்டி கிடையாது.

அடுத்தது, உங்கள் ஊரை ஒட்டியே இருப்பது. சுவாமிமலையில் சிலை வடிக்கும் பட்டறை ஒன்றுக்குச் சென்று, அனுமதி கேட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருங்கள். மெழுகில் உருவம் பிடிப்பதற்கு முன்பு ஸ்தபதி, சிலையின் உயரத்துக்குச் சமமாகத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துக் குறிகளை இடுவார். இதற்கு ஒடியோலை என்று பெயர். முகத்தின் நீளம் ஒரு தாளம். கழுத்து, மார்பு, இடை, தொடை என்று மற்ற எல்லாமே அந்த ஓலையின் பாகங்களாகவே கணக்கிடப்படுகின்றன. ஓலையின் நீளம் மாறினால் சிலையின் உயரம் மாறுமே தவிர, பாகங்களுக்கு இடையிலான விகிதம் மாறுவதில்லை. ஒரு சாண் உயர நடராஜரும் ஆளுயர நடராஜரும் ஒரே அழகோடு நிற்பது இதனால்தான்.

உங்கள் தொழிலிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஒரே வடிவமைப்பு அட்டையிலும், வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்திலும், மண்டப வாசலில் கட்டும் பேனரிலும் வர வேண்டும். அட்டையில் நன்றாக இருந்தது பேனரில் சிதறிப்போகிறது. ஒரு காகிதப் பட்டையைப் பத்திரிகையின் உயரத்துக்கு வெட்டி எட்டாக மடித்து, தலைப்புக்கு எத்தனை மடிப்பு, பெயர்களுக்கு எத்தனை, ஓரத்து இடைவெளிக்கு எத்தனை என்று முடிவு செய்துகொண்ட பிறகு கணினியில் உட்காருங்கள். நடராஜர் படத்தைப் பத்திரிகையின் முகப்பில் போடுகிறவர்கள் ஏராளம். நடராஜர் உருவாகும் கணக்கைப் பத்திரிகைக்குக் கொண்டுவந்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

திரும்பும் வழியில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் இறங்கி, ரிஷபமும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிறிய சிற்பத்தைத் தேடிப் பாருங்கள். ஓர் உடலைக் கையால் மறைத்தால் மற்ற விலங்கு முழுமையாகத் தெரியும். 12ஆம் நூற்றாண்டுச் சிற்பி ஒரே கோட்டை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறார். மணமக்கள் இருவரின் பெயருக்கும் பொதுவான ஓர் எழுத்தைக் கொண்டு முத்திரை வரைய நினைக்கிறவருக்கு, இந்த ஒரு கல்லில் எல்லாம் இருக்கிறது.

கேள்வி: வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் நம் பழைய துணிகள், ஓவியங்களின் படங்கள் கிடைக்கின்றன. அவற்றை எடுத்து அச்சிடலாமா?
– அச்சக உரிமையாளர், மயிலாடுதுறை

பதில்: இடத்துக்கு இடம் விதி மாறும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், காப்புரிமை முடிந்த பொருள்களின் படங்களை எவரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்று 2017இல் அறிவித்தது. எல்லா அருங்காட்சியகங்களும் அப்படியல்ல. படத்தின் கீழுள்ள உரிமைக் குறிப்பைப் படித்த பிறகே தொடுங்கள். இந்தியச் சட்டப்படி ஓர் ஓவியத்துக்கு, அதை வரைந்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. சட்டத்தைத் தாண்டியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கருப்பூர்க் கலம்காரிபோல இன்றும் கையால் வரைகிறவர்கள் இருக்கிற கலையில், படத்தை இறக்கிக்கொள்வதைவிட அந்தக் கலைஞரிடமே வேலையைக் கொடுத்து, உரிய கூலியும் கொடுப்பதே முறை.

கேள்வி: நான் இயந்திரவியல் மாணவன். வடிவமைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொள்ள ஆசை. எனக்குக் கலை ஞானம் கிடையாது. எங்கள் ஊரில் வயலும் வாய்க்காலும் தவிர வேறு எதுவும் இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வாய்க்கால் கரையில் உட்காரும் மீன்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் ஷின்கான்சென் ரயில் அதிவேகத்தில் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது, முன்னால் அமுங்கும் காற்று மறுமுனையில் வெடிச்சத்தமாக வெளிப்பட்டு, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தொல்லையாக இருந்தது. பறவைகளைக் கவனிப்பதில் ஈடுபாடு கொண்ட எய்ஜி நகாட்சு என்ற பொறியாளர், காற்றிலிருந்து அடர்த்தி மிகுந்த நீருக்குள் மீன்கொத்தி அதிகம் நீர் தெறிக்காமல் பாய்வதை எண்ணிப் பார்த்தார். 1997இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலின் நீண்ட முன்பகுதி அந்த அலகின் வடிவத்தைத் தழுவியது. அவர் பறவையின் நிறத்தையோ அழகையோ எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். பறவைக்கும் ரயிலுக்கும் ஒரே சிக்கல் இருப்பதைக் கண்டதுதான் அவருடைய திறமை. அந்த அளவுக்கு உங்களுக்கும் கண் இருக்கிறது.

உங்கள் வீட்டு வாசலையும் விட்டுவிடாதீர்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் 1970களில் கோலங்களை ஆராய்ந்து, அவற்றின் ஒழுங்கைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். உங்கள் அம்மாவோ பாட்டியோ சிக்குக் கோலம் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கோடு எந்தப் புள்ளியில் தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது, கையை எடுக்காமல் எல்லாப் புள்ளிகளையும் எப்படிச் சுற்றி வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏன் அப்படித் திருப்பினார்கள் என்பதையும் கேளுங்கள். அந்த விதிகளை வைத்து ஒரு சிறு நிரல் எழுதி, ஐந்து புள்ளிக் கோலத்தை ஒன்பது புள்ளிக்கு விரித்துப் பாருங்கள். கோடு எங்கே அறுந்துபோகிறதோ, அந்த இடத்தை மட்டும் தாளில் வரைந்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அதை எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசுவோம்.